உட்கார ஓர் இடம்

இம்பால் நகரின் நடுவே இருக்கிறது க்வைரம்பந்த் கடைவீதி. அங்கே ஆண்கள் சாமான் வாங்கலாம், மூட்டை சுமக்கலாம், கூடைகளை வண்டியில் ஏற்றி இறக்கலாம். கடை போட்டு உட்கார மட்டும் முடியாது. மணிப்பூரி மொழியில் இமா கெய்த்தெல் என்கிறார்கள், அதாவது அம்மா சந்தை. விற்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள், அதிலும் கல்யாணமானவர்கள். மூவாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஐயாயிரம் என்று சொல்பவர்களும் உண்டு. பெண்கள் மட்டுமே நடத்தும் இவ்வளவு பெரிய சந்தையை நம் நாட்டில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

2019 நவம்பரில் அங்கே போனேன். பெண்களுக்கான சுயதொழில் பயிற்சி, சுழல்நிதி, மானியக் கடன் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் பலவற்றைப் பார்த்தும் எழுதியும் வந்த எனக்கு ஒரு கேள்வி நெடுநாளாக இருந்தது. பயிற்சி எடுத்த பெண்களில் பலர் இரண்டு மூன்று வருடத்தில் தொழிலை விட்டுவிடுகிறார்கள். ஊறுகாய் நன்றாகத்தான் போடுகிறார்கள், தையலும் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் தொழில் நிற்பதில்லை. ஏன்? எந்தத் திட்டமும் இல்லாமல் சில நூற்றாண்டுகளாக ஒரு சந்தையைப் பெண்கள் நடத்திவருகிறார்கள் என்றால் அங்கே போய்ப் பார்க்காமல் இருக்கலாமா?

விமானம் தாழும்போது நான்கு பக்கமும் மலை, நடுவில் அறுவடை முடிந்த வயல்கள். மணிப்பூரின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இந்தச் சமவெளி, மற்றதெல்லாம் மலை. மக்களில் பாதிக்கு மேல் இந்தச் சின்னச் சமவெளியில் வாழ்கிறார்கள். வெளியிலிருந்து சரக்கு வர வேண்டுமென்றால் நாகாலாந்து வழியாக ஒரு மலைப்பாதை, அசாமின் சில்சார் வழியாக இன்னொன்று. இரண்டும் அடிக்கடி மறியலில் அடைபடும். 2016 நவம்பரில் தொடங்கிய மறியல் நான்கு மாதத்துக்கு மேல் நீடித்தது. பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் எட்டாத விலைக்குப் போன அந்த மாதங்களில் சமவெளியில் விளைந்ததும் நெய்ததும் பிடித்ததும்தான் ஊருக்குச் சோறு போட்டன. அவை கைமாறிய இடம் இந்தச் சந்தை.

வடகிழக்கில் சூரியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும். நவம்பரில் மாலை நாலரைக்கே மறைந்துவிடுகிறது, அதனால் சந்தையும் விடியும் முன்பே தொடங்குகிறது. அடுக்கடுக்காக ஏறும் கூரையோடு மூன்று பெரிய கட்டடங்கள். லெய்மரேல் சிதபி, இமொய்னு, ஃபௌஒய்பி என்று மூன்றுக்கும் தெய்வங்களின் பெயர்கள். முதலாவது பூமித்தாய், இரண்டாவது வீட்டுக்கு வளம் தருபவள், மூன்றாவது நெல்லின் தெய்வம். உள்ளே வரிசை வரிசையாகச் சிமெண்ட் மேடைகள். அவற்றின் மேல் தோளோடு தோள் உரச, சரக்குக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் இமாக்கள். இடுப்பில் ஃபனெக், தோளில் மெல்லிய இன்னஃபி, மூக்கின் நுனியிலிருந்து நெற்றி வரை சந்தனக் கோடு. பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். எண்பது வயது மதிக்கத்தக்கவர்களும் அந்தக் குளிரில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

என்னோடு மொழிபெயர்க்க ஒரு கல்லூரி மாணவி வந்தாள். அவளுடைய பாட்டி இங்கேதான் கடை வைத்திருந்தாராம். யாரிடம் போய் நின்றாலும், "என்ன வேண்டும்?" என்று கேட்பதற்கு முன், "உட்கார் பிள்ளை" என்றார்கள். மேடையில் கொஞ்சம் ஒதுங்கி இடமும் கொடுத்தார்கள்.

மீன் பகுதியில் நெடுநேரம் இருந்தேன். லோக்தாக் ஏரி மீன், சுட்டுக் காயவைத்த மீன், அப்புறம் ஙாரி. ஙாரி இல்லாமல் மணிப்பூர்ச் சமையல் இல்லை. சிறிய மீன்களை வெயிலில் காயவைத்து, அழுத்தி, மண்பானைக்குள் காற்றுப் புகாமல் அடைத்து மாதக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். பானையை உடைத்து எடுக்கும்போது மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பும் வெள்ளியுமாகப் பாளமாக வருகின்றன. வாசம் நம் கருவாட்டைவிடக் காரமானது. வாங்க வந்த ஒரு பெண் ஒரு மீனை எடுத்து விரலால் நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். அடுத்த பானையிலிருந்து இன்னொன்று. கடைக்கார இமா எதுவும் சொல்லவில்லை. நான்காவது பானையில் அந்தப் பெண் தலையாட்டியதும் இமா தாளில் கட்டிக் கொடுத்தார். எந்தப் பானை எந்த ஊரில் யார் அடைத்தது என்று அவருக்கு மனப்பாடம். "இது நன்றாக வரவில்லை என்றால் அடைத்தவளிடம் நான்தான் சொல்வேன். அடுத்த முறை சரியாகச் செய்வாள்" என்றார். தரக்கட்டுப்பாடு என்று நாம் பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவது அங்கே இப்படி நடக்கிறது.

காய்கறிப் பகுதியில் நீண்டு தொங்கும் யோங்சாக் அவரைகள், தாமரைத் தண்டு, புளிக்கவைத்த மூங்கில் குருத்து, தொட்டாலே விரல் எரியும் ஊ-மொரோக் மிளகாய், வாழையிலையில் பொதிந்த புளித்த சோயா. இன்னொரு மூலையில் வெந்ததும் ஊதாவாக மாறும் கறுப்பரிசி, சாக்-ஹாவோ. அடுத்த ஆண்டே அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோரைப் பாய், மூங்கில் கூடை, ஆந்த்ரோ கிராமத்துப் பெண்கள் சக்கரமில்லாமல் கையாலேயே வனையும் மண்பானை, ஊதுவத்தி, பூஜைப் பொருள், பொரி உருண்டை, கத்தி, அரிவாள் என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியவை எல்லாம் இருந்தன. நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் அந்தச் சமவெளியிலும் சுற்று மலைகளிலும் உண்டானவை.

துணிக் கட்டடம் தனி உலகம். இந்தியாவில் கைத்தறி நெசவாளர் மிகுதியாக உள்ள மாநிலங்களில் மணிப்பூரும் ஒன்று. தமிழ்நாட்டில் தறியில் ஆண்களே அதிகம் உட்காருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அங்கே நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பது புதிது. கரையில் கோபுரம் போல் மேலெழும் மொய்ராங் ஃபீ, மெல்லிய வாங்கெய் ஃபீ ஆகியவை அந்தந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய நெசவுகள், இரண்டுக்கும் 2014-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அங்கே ஓர் இமாவிடம் மதியம் வரை பேசிக்கொண்டிருந்தேன். மாமியாரிடமிருந்து வந்த இடம் அவருடையது. நான்கடி அகலம்கூட இராது. முதுகுக்குப் பின்னால் கூரைவரை துணி அடுக்கு. மாநகராட்சி உரிமம் அவர் பெயரில். வாடகை என்று கட்டுவது சொற்பம். தனக்குப் பின் மகளுக்கோ மருமகளுக்கோ இடம் போகும், வெளியாள் கைக்குப் போகாது என்றார். "கணவர் இறந்தபோது எனக்கு முப்பத்து நாலு வயது. வீட்டில் மூன்று பிள்ளைகள். மாமியார் ஒரு மாதம் பக்கத்தில் உட்காரவைத்தார். அப்புறம் அவர் எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்துகொண்டேன்." பிள்ளைகளில் ஒருத்தி பெங்களூரில் செவிலியர். ஒருவன் ஆசிரியர்.

அவருக்குத் துணி கொடுப்பவர்கள் பதினைந்து இருபது நெசவாளிகள். எல்லோரும் பெண்கள், வீட்டில் சமையலுக்கும் வயலுக்கும் நடுவே நெய்பவர்கள். விற்ற பிறகுதான் பணம். விற்காததை அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சிலருக்கு இவரே முன்கூட்டி நூல் வாங்கிக் கொடுப்பார். எந்த நிறம் இந்த வருடம் கல்யாணத்துக்குப் போகிறது, எந்தக் கரை நின்றுவிட்டது என்ற செய்தி வாங்குபவர்களிடமிருந்து இவருக்கு வந்து, இவரிடமிருந்து தறிக்குப் போகிறது. நிங்கோல் சாக்கௌபா பண்டிகை அப்போதுதான் முடிந்திருந்தது. மணமான பெண்களைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துப் பரிசு கொடுக்கும் நாள் அது. அதையொட்டிய பத்து நாள் வியாபாரத்தில் நெசவாளிகளின் ஆறு மாதக் கடன் அடைந்துவிடும் என்றார்.

முதலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். மாரூப். நம் ஊர்ச் சீட்டுதான். முப்பது பேர், நாளுக்கு 100 ரூபாய், தினமும் ஒருத்திக்கு 3,000 ரூபாய். மேடைக்கு மேடை இப்படிச் சின்னதும் பெரியதுமாகச் சீட்டுகள். துணிக்கென்று ஒரு மாரூப், பாத்திரத்துக்கென்று ஒன்று, பிள்ளை கல்யாணத்துக்கென்று ஒன்று. யாருக்காவது திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அவள் முறை முன்னால் இழுக்கப்படும். சந்தைக்குள் இருக்கும் சங்கங்களும் கடன் தருகின்றன. வெளியே கந்துவட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் மாட்டியவர்களும் உண்டு. இதை அவர் மறைக்கவில்லை. ஆனால் கட்ட முடியாமல் யாராவது ஓடிப்போனார்களா என்று கேட்டதற்குச் சிரித்தார். "எங்கே ஓடுவாள்? நாளைக்கு விடிந்தால் இதே இடத்தில் என் பக்கத்தில்தானே உட்கார வேண்டும்?"

என் கேள்விக்கு அங்கே ஒரு பதில் கிடைத்தது. உரிமையான இடம் ஒன்று இருப்பதால் அந்த இமாவை நம்பி நெசவாளி துணி கொடுக்கிறாள், பக்கத்துக்காரி சீட்டில் சேர்க்கிறாள், வாங்குபவர் அடுத்த வருடமும் தேடி வருகிறார். சொத்துப் பத்திரம் இல்லாமலேயே அவருக்குக் கடன் பிறக்கிறது. அந்த நான்கடியை எடுத்துவிட்டால் அவரிடம் எவ்வளவு திறமை இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நாம் பயிற்சியும் கடனும் கொடுத்து, உட்கார இடம் கொடுக்காமல் அனுப்பிய பெண்களை நினைத்துக்கொண்டேன். கண்காட்சி மூன்று நாள் நடக்கும், அரங்கு போடுவோம், பிரித்துவிடுவோம். நான்காவது நாள் அவள் எங்கே போய் விற்பாள்?

இந்த இடம் அவர்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. மன்னராட்சிக் காலத்தில் லல்லுப் என்ற கட்டாய உழைப்பு முறை இருந்தது. வயது வந்த ஆண்கள் ஒவ்வொரு நாற்பது நாளிலும் பத்து நாள் அரசுக்கு உழைக்க வேண்டும், போர் வந்தால் போக வேண்டும். ஆண்கள் இப்படி வீட்டை விட்டுப் போய்க்கொண்டே இருந்ததால் வயலும் விற்பனையும் பெண்கள் கைக்கு வந்தன. சந்தை 16-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்று சொல்கிறார்கள். 1891 போரில் மணிப்பூர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. லல்லுப்பை ஒழித்தவர்களும் அவர்களே. 1904-இல் வெள்ளை அதிகாரிகளின் பங்களா எரிந்தபோது, அதைத் திரும்பக் கட்ட அந்தக் கட்டாய உழைப்பையே மறுபடி கொண்டுவரப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அது முதல் நூபி லான், பெண்கள் போர்.

இரண்டாவது போர் 1939-இல். அந்த வருடம் மழை கெடுத்து விளைச்சல் குறைந்தது. அப்படியும் அரிசி ஆலைகளும் பெருவணிகர்களும் நெல்லையும் அரிசியையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சந்தையில் நெல் வாங்கிக் குத்தி அரிசி விற்றுப் பிழைத்த பெண்களுக்கு நெல்லே கிடைக்கவில்லை. டிசம்பர் 12 அன்று அவர்கள் தர்பார் என்ற அரசவையின் அலுவலகத்தைச் சூழ்ந்தார்கள். மகாராஜா அப்போது வங்காளத்தில் நவத்வீபத்தில் இருந்தார். தர்பார் தலைவராக இருந்த ஆங்கிலேயர் ஷார்ப்பைத் தந்தி அலுவலகத்துக்கு அழைத்துப்போய், ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லி மகாராஜாவுக்குத் தந்தி கொடுக்கவைத்து, பதில் வரும்வரை விடமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அசாம் ரைபிள்ஸ் படை துப்பாக்கி முனைக் கத்தியோடு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் காயப்பட்டார்கள். அதற்குப் பிறகு பெண்கள் செய்த காரியம்தான் பெரியது. சந்தைக்கு வருவதை நிறுத்தினார்கள். மாதக்கணக்கில் க்வைரம்பந்த் வெறிச்சோடிக் கிடந்தது. ஊரின் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஆட்சியாளர்களுக்கு அப்போது தெரிந்தது. ஏற்றுமதி நின்றது. இன்றும் டிசம்பர் 12 அங்கே நூபி லான் நாள்.

2003-இல் சந்தை இருந்த இடத்தில் நவீன வணிக வளாகம் கட்டப்போவதாக அரசு சொன்னபோதும் கடையடைத்துப் போராடினார்கள், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு கட்டிய மூன்று கட்டடங்களும் அவர்களுக்கென்றே கட்டப்பட்டவை. 2016 ஜனவரி 4 அன்று வந்த நிலநடுக்கத்தில் அவற்றில் விரிசல் விழுந்தது. பெண்கள் தகரக் கொட்டகையிலும் தெருவிலும் உட்கார்ந்து வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள்.

ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது பொய். கட்டடத்துக்கு வெளியே நடைபாதையில் இன்னும் நூற்றுக்கணக்கான பெண்கள். விடியும் முன் கிராமத்திலிருந்து வாடகை வண்டியில் வந்து, சாக்கை விரித்துக் கீரையும் நத்தையும் விற்பவர்கள். மலையிலிருந்து கூடையை நெற்றிப் பட்டையில் மாட்டி இறங்கி வந்தவர்களும் அவர்களில் உண்டு. உரிமம் கிடையாது. மாநகராட்சி ஆட்கள் வந்தால் சாக்கின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். நான் நின்றிருந்தபோதே ஒரு முறை அப்படி ஓடினார்கள். சிதறிய தக்காளியைப் பொறுக்க நானும் குனிந்தேன். ஓர் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி வந்து அதே இடத்தில் சாக்கை விரித்தார். அவருக்கு உள்ளே இருப்பவர்கள் மேல் கோபம் இருந்தது. "அவர்களுக்கு மாமியார் இடம் விட்டுப்போனார். எனக்கு யார் விட்டுப்போவார்?" உள்ளே இருப்பவர்களோ, வெளியே இவர்கள் மறித்து விற்பதால் வாங்குபவர் உள்ளே வருவதில்லை என்கிறார்கள். மாமியார் வழியாகவும் தாய் வழியாகவும் மட்டும் கைமாறும் உரிமை ஏழைப் பெண்ணுக்கு மூடிய கதவு. திருமணமாகாத பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. இந்த இரண்டும் மாற வேண்டியவை. அதை அங்கேயே சில இமாக்களிடம் சொன்னேன். ஒருவர் ஒப்புக்கொண்டார், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் மோரேக்குப் போனேன். இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், தௌபால், பல்லேல், தெங்நௌபால் வழியாக மலையேறி இறங்கினால் பர்மா எல்லை. வேனில் என்னைத் தவிர எல்லோரும் பெண்கள். காலையில் போய், எல்லைக்கு அப்பால் நம்பலோங் சந்தையில் போர்வையும் செருப்பும் குடையும் பீங்கானும் வாங்கி, சாயங்காலம் இம்பாலுக்குத் திரும்புபவர்கள். 1995-இல் இரு நாடுகளும் எல்லை வணிகத்தை முறைப்படி திறந்தபின் இந்த ஓட்டம் பெருகியது. வழியில் சோதனைச் சாவடிகள். திரும்பி வரும்போது ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்க்கச் சொல்கிறார்கள். அவிழ்த்துக் காட்டி, அதே நேர்த்தியோடு மறுபடி கட்டி, அடுத்த சாவடியில் மறுபடி அவிழ்த்தார் என் பக்கத்து இருக்கைப் பெண். முகத்தில் சலிப்பே இல்லை. அவருடைய போர்வைகளில் சில க்வைரம்பந்துக்கு, சில சுராசந்த்பூர் நகருக்கு.

மோரேயில் தமிழ் கேட்டது. பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் நாட்டுடைமையானபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு வெளியேறினார்கள். கப்பலில் சென்னைக்கு வந்தவர்களில் சிலர் தமிழ்நாட்டில் பிழைக்க முடியாமல், தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று இந்த எல்லைக்கு வந்தார்கள். அந்தப் பக்கம் விடவில்லை. அப்படியே மோரேயில் தங்கிவிட்டார்கள். அவர்கள் கட்டிய அங்காள பரமேஸ்வரி கோயில் கோபுரம் ஊருக்கு நடுவே நிற்கிறது. தமிழ்ச் சங்கமும் இருக்கிறது.

கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் இட்லி விற்கும் ஓர் அக்காவைப் பார்த்தேன். தமிழும் மணிப்பூரியும் பர்மியமும் குக்கியும் கலந்து பேசிக்கொண்டிருந்தார். "எங்க அம்மா தட்டுல வச்சு வித்தாங்க தம்பி. நான் இந்தத் திண்ணையில. சொந்தத் திண்ணை" என்றார். அரிசி மணிப்பூரி அம்மாக்களிடம், உளுந்து இம்பாலிலிருந்து, காய் மலைவாழ் குக்கி இனப் பெண்களிடம். அவருடைய இட்லித் தட்டைச் சுற்றி அந்த எல்லையோர ஊரின் எல்லா மக்களும் இருந்தார்கள்.

நான் திரும்பி வந்தபின் நடந்தவற்றை எழுத மனம் கனக்கிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் எல்லை வாசல் மூடியது. அடுத்த ஆண்டு பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இமா கெய்த்தெல் பல மாதங்கள் பூட்டிக் கிடந்தது. தினக் கூலி போலத் தினச் சீட்டில் ஓடிய குடும்பங்கள் முதலைத் தின்று தீர்த்தன. அதிலிருந்து எழும் முன்பே 2023 மே 3 அன்று சமவெளியின் மெய்தேய் மக்களுக்கும் மலையின் குக்கி மக்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் வீடிழந்தார்கள். சமவெளிக்கும் மலைக்கும் நடுவே போக்குவரத்து அறுந்தது. கூடையோடு இறங்கி வந்த குக்கிப் பெண்கள் இப்போது இம்பாலுக்கு வர முடியாது, மெய்தேய் இமாக்கள் மோரேக்குப் போக முடியாது. தங்கள் மக்களுக்காக இமாக்களும் தெருவில் அமர்ந்து போராடினார்கள். மலைப் பெண்களும் தங்கள் பக்கத்தில் அதையே செய்தார்கள். நான் பயணம் செய்த வேனும் அதிலிருந்த பெண்களும் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. அரசுகள் அமைதிப் பேச்சில் இந்த விற்கும் பெண்களை உட்காரவைத்திருக்க வேண்டும். சாதி, இனம் பார்க்காமல் தினமும் கொடுக்கல் வாங்கல் செய்து பழகியவர்கள் அவர்கள்தான்.

நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் லட்சக்கணக்கான பெண்களுக்குச் சேமிப்பையும் கடனையும் பழக்கின. அது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குழுவில் கடன் வாங்கிய பெண் விற்கப் போகும் இடத்தில் அவளுக்கு என்று ஒரு மேடை இருக்கிறதா? பேருந்து நிலையத்தையோ தினசரிச் சந்தையையோ இடித்துப் புதிதாகக் கட்டும்போது, பழைய இடத்தில் முப்பது வருடம் பூ விற்றவளுக்குக் கடை கிடைப்பதில்லை. ஏலத்தில் வைப்புத்தொகை கட்டக்கூடியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அவள் வாசலுக்கு வெளியே மறுபடி சாக்கு விரிக்கிறாள்.

2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுத்து, எல்லோருக்கும் சான்று கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது. உங்கள் ஊர் நகராட்சியில் அந்தக் குழு இருக்கிறதா, அதில் பெண்கள் எத்தனை பேர், புதிதாகக் கட்டும் சந்தையில் எத்தனை மேடை பெண்களின் சொந்தப் பெயரில் ஒதுக்கப்படுகிறது என்று ஒரு மனு எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். வார்டு உறுப்பினர் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் கேளுங்கள். அதுவரை, கீரை வாங்கும்போது தெருவில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் வாங்குங்கள், பேரம் பேசாமல்.